ஸெலென்காவின் தேவாலய இசையைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

யான் டிஸ்மாஸ் ஸெலென்கா (1679–1745) இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹீமியாவில் பிறந்து, ஜெர்மனியின் டிரெஸ்டன் அரசவையில் வயலோன் என்னும் பெரிய மந்தர ஸ்தாயி வாத்தியத்தை வாசித்தவர். அங்கே கத்தோலிக்க வழிபாட்டுக்காக அவர் எழுதிய இசையமைப்புகள் ஏராளம். அந்த அரசவையின் இசைத் தலைமைப் பதவி இன்னொரு இசையமைப்பாளரான ஹாஸேக்குத்தான் கிடைத்தது. ஆயினும் புகழ்பெற்ற ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் கடைசிக் காலத்தில் உயர்வாக மதித்தவர்களுள் ஸெலென்காவும் ஒருவர் என்று 1775இல் பாக்கின் மகன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

முதல் படியாக, 1738இல் ஸெலென்கா சி மைனர் என்னும் மேற்கத்திய ஸ்வர வரிசையில் அமைத்த 'மிசரேரே'யை எடுத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இதன் பாடல்வரிகள் 51ஆம் சங்கீதம் என்பதால், அடுத்து அதைத் தமிழ் வேதாகமத்தில் ஒருமுறை வாசியுங்கள். 'மிசரேரே' என்றால் 'இரங்கும்' என்று பொருள். அந்த ஒரு சொல் மனத்தில் இருந்தாலே முதல் பகுதிக்குப் போதும்.

மூன்றாவதாக, நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, பாடகர்களை விட்டுவிட்டு அடிக்குரலை மட்டும் கவனியுங்கள். நான் முதலில் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டதால் இந்த இசையின் உயிரையே தவறவிட்டேன். தாழ்ந்த தந்தி வாத்தியங்கள் விடாமல் துடித்துக்கொண்டே நகர, அதன்மேல் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசி நிற்க, அந்த உரசல் தணிவதற்குள் பாடற்குழு 'மிசரேரே' என்று கதறுகிறது. மந்தர ஸ்தாயியிலேயே வாழ்ந்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும் என்பது என் எண்ணம்.

இரண்டாம் பகுதிக்கு வேறு காது வேண்டும். நூறாண்டுக்கு முந்தைய இத்தாலிய இசையமைப்பாளர் ஃப்ரெஸ்கோபால்டி, தேவாலயக் குழாய் வாத்தியமான ஆர்கனுக்கு எழுதிய இசையைத் தழுவிய இதில் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மெட்டை எடுத்துக்கொண்டு நுழைகின்றன. எல்லாவற்றையும் ஒருசேரப் பிடிக்க முயலாமல், முதல்முறை மிக உயர்ந்த குரலான சோப்ரானோவையும் மறுமுறை உயர்ந்த ஆண்குரலான டெனரையும் பின்தொடருங்கள்.

பிறகு தனிக்குரலில் ஒரு சோப்ரானோ பாடும் 'குளோரியா பாத்ரி' (பிதாவுக்கு மகிமை) என்னும் துதி வரும். மனம் இளகி நிற்கும்போது, முடிவில் அந்தப் பழைய துடிப்பும் கதறலும் திரும்புகின்றன. அந்த இடத்தில் இசையை நிறுத்தாமல் கடைசி ஸ்வரம் வரை அமர்ந்திருங்கள்.

சில நாள் இதையே கேட்ட பின், நோயிலிருந்து மீண்டதற்கான நேர்த்திக்கடனாக 1739இல் அவர் எழுதிய 'மிசா வோட்டிவா' என்னும் திருப்பலி இசைக்குச் செல்லலாம். அது ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும் என்பதால், ஒரு நாளைக்கு ஒரு பகுதியாகக் கேளுங்கள்.