பழைய 8 மி.மீ. புரொஜெக்டரில் வீட்டுப் படம் ஓட்டுவது எப்படி: தொடங்குவோருக்கான செய்முறை

பரணிலிருந்து ஒரு பழைய புரொஜெக்டரும் சில ஃபிலிம் ரீல்களும் கிடைத்தால், உடனே பிளக்கைச் செருகி ஓட்டிப் பார்த்துவிடத்தான் தோன்றும். அந்த ஆவலைச் சற்றுத் தள்ளிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 8 மி.மீ. வீட்டுப் படங்களில் பெரும்பாலானவை ரிவர்சல் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை; அன்று கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம்தான் லேபில் கழுவப்பட்டு ரீலாகத் திரும்பி வந்தது. அதற்கு நெகட்டிவ் கிடையாது. கருகிப்போனாலோ கிழிந்தாலோ வேறு பிரதி எடுக்க வழியில்லை. ஆகவே முதலில் ஃபிலிம் இல்லாமல் இயந்திரத்தை ஓட்ட வேண்டும், பிறகு வேண்டாத ஒரு ஃபிலிமை ஓட்ட வேண்டும், அதன் பிறகே குடும்பப் படத்தைத் தொட வேண்டும். இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

ஃபிலிம் எந்த வகை என்று பார்த்தல்

கோடாக் நிறுவனம் 1932-இல் கொண்டுவந்தது ஸ்டாண்டர்டு 8. 1965-இல் கொண்டுவந்தது சூப்பர் 8. இரண்டின் அகலமும் ஒன்றே என்பதால் குழப்பம் வருவது உண்டு. ஃபிலிமின் ஓரங்களை மட்டும் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். துளை பெரிதாகவும், இரண்டு பிரேம்கள் (ஃபிலிமில் உள்ள தனித்தனிப் படங்கள்) சந்திக்கும் கோட்டின் அருகிலும் இருந்தால் அது ஸ்டாண்டர்டு 8. துளை சிறிதாகவும், பிரேமின் நடுப்பகுதிக்கு நேராகவும் இருந்தால் சூப்பர் 8. ரீலின் நடு ஓட்டையும் சூப்பர் 8-இல் பெரிதாக இருக்கும். ஒன்றுக்கான இயந்திரத்தில் மற்றொன்றை ஓட்டினால் துளைகள் கிழிந்துவிடும். இரண்டையும் ஓட்டக்கூடிய இயந்திரங்களில் அதற்கென்று ஒரு மாற்று விசை இருக்கும். அதைச் சரியான பக்கம் திருப்பியிருக்கிறோமா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் போன்ற புளித்த நெடி அடித்தால் ஃபிலிமின் அசிட்டேட் தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அத்தகைய ஃபிலிம் சுருங்கியும் வளைந்தும் இருக்கும். அதன் துளைகள் இயந்திரத்தின் பற்களோடு பொருந்தாது. அதைப் புரொஜெக்டரில் ஏற்றாமல், மற்ற ரீல்களிலிருந்து பிரித்து வைத்து, பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரில் டிஜிட்டலாக மாற்றித் தருபவரிடம் விரைவில் கொடுத்துவிடுங்கள்.

மின்சாரம்

ஐரோப்பியப் புரொஜெக்டர்கள் பலவற்றின் பின்புறத்தில் 110, 130, 150, 220, 240 என்று குறிக்கப்பட்ட வோல்டேஜ் திருகி இருக்கும். 230 வோல்ட் உள்ள நம் ஊர்களில் அதை 240-இல் வைப்பதே நல்லது. பல்பு சற்று மங்கலாக எரிந்தாலும் நெடுநாள் உழைக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் இயந்திரமாக இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் தேவை. அது வோல்டேஜை மட்டுமே குறைக்கும், அலைவெண்ணை மாற்றாது. ஆகையால் 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்யப்பட்ட ஏ.சி. மோட்டார் இங்குள்ள 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தே ஓடும்.

வயரின் உறை வெடித்திருந்தால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள். பழைய கெபாசிட்டர்கள் மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் புகைவதும் உண்டு; எனவே முதல் முறை ஓட்டும்போது அருகிலேயே இருந்து, கையைச் சுவிட்ச்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்தல்

பிளக்கைக் கழற்றிவிட்டு, கையால் சுழற்றும் குமிழ் இருந்தால் அதை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் பழைய கிரீஸ் உறைந்திருக்கிறது. அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் மோட்டார் உறுமிக்கொண்டே சூடாகுமே தவிரச் சுற்றாது. ரப்பர் பெல்ட் உள்ள இயந்திரங்களில் அது உருகித் தார் போல ஒட்டிக் கிடப்பதைக் காணலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அதைத் துடைத்தெடுத்து, அளவுக்குப் பொருந்தும் புதிய பெல்ட்டைப் போடுங்கள். எண்ணெய் விடும் இடங்களில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். கூடுதலாக விட்டால் அது ஃபிலிமின் மீது தெறிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கேட். லென்ஸுக்குப் பின்னால், ஃபிலிமை வெளிச்சத்தின் முன் தட்டையாகப் பிடித்து நிறுத்தும் சிறிய தகட்டு வாயில் அது. லென்ஸ் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஃபிலிம் உரசும் தடத்தில் கடுகைவிடச் சிறிய பழுப்புப் புள்ளிகள் இறுகி ஒட்டியிருப்பது தெரியும். பழைய ஃபிலிம்களிலிருந்து உதிர்ந்த எமல்ஷன், அதாவது படம் பதிந்திருக்கும் பூச்சு அது. அந்தப் புள்ளிகளில் ஒன்று மிஞ்சினாலும் அடுத்து ஓடும் ரீல் முழுவதும் நெட்டுக்குத்தாக ஒரு கோடு விழும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஊறவைத்து, மூங்கில் பல்குத்தியால் மெல்லத் தள்ளி எடுங்கள். கத்தி, பிளேடு, ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். தகட்டில் விழும் கீறலும் அதே கோட்டைத்தான் போடும். ஒவ்வொரு ரீலுக்கும் பிறகு கேட்டைத் தூரிகையால் ஒருமுறை தட்டிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பல்பு எரியாவிட்டால், அதன் மேல் அச்சிட்ட மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்து அதே குறியீடு உள்ளதை வாங்குங்கள். எடுத்துக்காட்டாக, இ.எஃப்.பி. என்பது 12 வோல்ட், 100 வாட். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது.

ஃபிலிமை ஏற்றி ஓட்டுதல்

ஃபிலிமின் தொடக்கத்தில் ஒன்றரை மீட்டராவது லீடர் (படம் இல்லாத வெற்று ஃபிலிம்) இல்லையென்றால் முதலில் அதை ஒட்டுங்கள். நுனி நசுங்கியிருந்தால், இயந்திரத்தோடு வரும் சிறு வெட்டியில் வைத்து நறுக்குங்கள். ஃபிலிமைத் தானாக இழுத்துக்கொள்ளும் வகை இயந்திரத்தில், மோட்டாரை முன்னோக்கி ஓடவிட்டு, ஃபிலிம் நுழையும் இடத்தில் நுனியைக் கொடுத்தால் போதும். ஆனால் ஒட்டுகள் நிறைந்த ஃபிலிமுக்கு, கையால் கோக்கும் இயந்திரத்தையே நான் நம்புவேன். எந்த இடத்தில் சிக்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

கையால் கோக்கும்போது கேட்டுக்கு மேலும் கீழும் ஃபிலிம் தளர்வாக வளைந்து நிற்க வேண்டும், இதுதான் லூப். பற்சக்கரம் ஃபிலிமைத் தொடர்ந்து இழுக்கிறது, கேட்டில் உள்ள நகமோ ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி நிறுத்தி இழுக்கிறது. இந்த இரண்டு இழுப்புக்கும் இடையே கிழியாமல் காப்பது அந்த வளைவுதான். திரையில் படம் துள்ளினாலோ வழிந்தாலோ லூப் போய்விட்டது என்று அறிந்து, லூப் நெம்புகோலை அழுத்துங்கள்; அது இல்லாவிட்டால் நிறுத்தி மீண்டும் கோத்துவிடுங்கள்.

மோட்டார் சீராக ஓடுவதைப் பார்த்த பின்னரே பல்பைப் போடுங்கள். ஸ்டாண்டர்டு 8-க்கு நொடிக்கு 16 பிரேம், சூப்பர் 8-க்கு 18, ஒலியுள்ளவற்றில் சிலவற்றுக்கு 24. சூப்பர் 8-இன் 15 மீட்டர் ரீல் 18 பிரேம் வேகத்தில் 3 நிமிடம் 20 நொடி ஓடும். படம் தலைகீழாகவும் ஆட்கள் பின்னோக்கி நடப்பதாகவும் தெரிந்தால், ரீல் வால்பக்கம் வெளியே வரும்படி சுற்றப்பட்டிருக்கிறது; திருப்பிச் சுற்றிவிட்டு ஏற்றுங்கள்.

ஓடும்போது இயந்திரத்தை விட்டு நகராதீர்கள். ஃபிலிம் கேட்டில் நின்றுவிட்டால் பிரேமின் நடுவில் பழுப்புக் குமிழ் ஒன்று எழுந்து விரியும்; அந்தக் கணமே அணைக்க வேண்டியது பல்பை, பிறகுதான் மோட்டாரை. இதே காரணத்தால், ஒரு காட்சியை நிறுத்திப் பார்க்கும் வசதி இருந்தாலும் குடும்பப் படத்தில் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

முடித்த பிறகு

பல்பை அணைத்து, ஃபேனை ஓரிரு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். ரீல்களைக் காற்றுப் புகும் டப்பாவில், ஈரமும் வெயிலும் படாத அறையில் வையுங்கள். ஓட்டு வீட்டுப் பரண் கூடவே கூடாது. லென்ஸைத் தனியே கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது. இயந்திரத்தின் விசையை நிறுத்தத்தில் விட்டு மூடிவையுங்கள். ஓட்டத்தில் விட்டால் ரப்பர் சக்கரங்கள் அழுந்திப் பள்ளம் விழும். இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஃபிலிம் இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டால் கிரீஸ் மீண்டும் உறையாது.