ரயில் பெட்டிக்குள் விளக்கு: அணைந்து அணைந்து எரியாமல் இருக்க

மதுரையில் வைகைப் பாலத்தின் மேல் இரவில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் போகும்போது, ஜன்னல் வெளிச்சம் வரிசையாக ஓடும். வீட்டு மேசையில் ஓடும் என் ரயிலிலும் அது வேண்டும் என்று ஆசை. என்னிடம் இருப்பது எச்.ஓ. அளவு, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலை வடிவமைப்பிலான நீல நிறப் பெட்டி அந்த அளவில் ஏறக்குறைய 24.5 செ.மீ. நீளம். முதல் பெட்டியை முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. விளக்கை எரிய வைப்பது சுலபம்தான், விட்டு விட்டு எரிவதை நிறுத்துவதில்தான் அவ்வளவு நாளும் போனது.

வேண்டியவை: 12 வோல்ட் வார்ம் ஒயிட் எல்.இ.டி. ஸ்ட்ரிப், சின்ன பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (கரன்ட் எந்தப் பக்கம் வந்தாலும் ஒரே பக்கமாக அனுப்பும் நாலு கால் பாகம்), 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெபாசிட்டர் (கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைப்பது), 100 ஓம் ரெசிஸ்டர், 1 கிலோ ஓம் பிரீசெட் (திருகி மாற்றக்கூடிய ரெசிஸ்டர்), மெல்லிய ஒயர். எல்லாம் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் உதிரி பாகக் கடைகளில் கிடைக்கும். சால்டரிங் அயர்ன் 25 வாட் போதும். மல்டிமீட்டர் இல்லாமல் மட்டும் இறங்காதீர்கள்.

படி 1. கூரையைக் கழற்றி, பெட்டியின் உள்சுவருக்குக் கறுப்பு பெயின்ட் அடியுங்கள். காய்ந்ததும் அதன் மேல் வெள்ளை. இதை விட்டுவிட்டால் பிளாஸ்டிக் சுவரே ராந்தல் மாதிரி ஒளிரும், ஜன்னல் தனியாகத் தெரியாது.

படி 2. தண்டவாளத்திலிருந்து கரன்ட் எடுப்பது. ரயிலை ஓட்டும் கன்ட்ரோலர் கரன்ட்டை இரண்டு தண்டவாளங்கள் வழியாகத்தான் அனுப்புகிறது; விளக்குக்கும் அதையே எடுக்கிறோம். என்னை மாட்ட வைத்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். போகி என்று நாம் பெட்டியையே சொல்வது வழக்கம். இங்கே நான் சொல்வது பெட்டிக்கு அடியில் இரண்டு அச்சுகள் மாட்டிய பகுதியை.

பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் உலோகச் சக்கரமாக மாற்றிவிடுங்கள். உலோகச் சக்கர ஜோடியில் பெரும்பாலும் ஒரு சக்கரம் அச்சோடு மின்தொடர்பில் இருக்கும், மற்றது இன்சுலேட் செய்திருக்கும். கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். மல்டிமீட்டரைத் தொடர்பு பார்க்கும் (கன்டினியூட்டி) நிலையில் வைத்து, ஒரு முனையை அச்சிலும் மறுமுனையைச் சக்கரத்திலும் வையுங்கள். பீப் வந்தால் அதுதான் தொடர்புள்ள சக்கரம். அதில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள்.

முன் போகியில் இரண்டு புள்ளிகளும் இடது தண்டவாளத்தின் மேல், பின் போகியில் இரண்டும் வலது தண்டவாளத்தின் மேல். நான் ஒரே ஒரு அச்சைத் திருப்பி மாட்டிவிட்டேன். அதே போகியின் இரண்டு அச்சுகளையும் கரன்ட் எடுக்கும் ஒரே தகடு தொடுவதால் இரண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகி, பெட்டியை வைத்ததுமே கன்ட்ரோலர் கட் ஆனது. ரெக்டிஃபையர்தான் போய்விட்டது என்று நினைத்து இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன்.

அச்சைத் தொடும் தகட்டுக்குப் பழைய ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பிரித்தால் உள்ளே மெல்லிய, வில் போல வளையும் தகடு கிடைக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். வெறும் செம்புக் கம்பி நாலு நாளில் வளைந்து தொடர்பு விட்டுவிடும். சக்கரத்தின் பின்பக்கத்தைத் தொட வைப்பவர்களும் உண்டு, ஆனால் அங்கே உரசல் அதிகம். தகடு அச்சை லேசாகத் தொட்டால் போதும். விரலால் தள்ளினால் பெட்டி தானாகக் கொஞ்ச தூரம் உருள வேண்டும். ஒயரைப் பெட்டிக்கு வெளியிலேயே தகட்டில் பற்றவைத்துவிட்டுப் பிறகு தகட்டை ஒட்டுங்கள், பிளாஸ்டிக் உருகாது. வளைவில் போகி திரும்பும், அதனால் ஒயரில் கொஞ்சம் தொய்வு விடுங்கள்.

படி 3. இரண்டு போகிகளின் தகடுகளிலிருந்து வரும் இரண்டு ஒயர்களும் ரெக்டிஃபையரின் ஏ.சி. கால்களுக்குப் போகும். ரயில் எந்தத் திசையில் ஓடினாலும் இனி பிளஸ், மைனஸ் மாறாது. பிளஸ் காலிலிருந்து 100 ஓம் வழியாகக் கெபாசிட்டரின் பிளஸ், அங்கிருந்து பிரீசெட் வழியாக ஸ்ட்ரிப்பின் பிளஸ். ரெக்டிஃபையர், கெபாசிட்டர், ஸ்ட்ரிப் மூன்றின் மைனஸ்களும் ஒன்றாக. கெபாசிட்டரைத் தலைகீழாக மாட்டினால் வெடிக்கலாம், கோடு போட்ட பக்கம் மைனஸ்.

இந்தக் கெபாசிட்டர்தான் பெட்டியின் பேட்டரி. அசல் ஐ.சி.எஃப். பெட்டிகளிலும் அடியில் அச்சோடு பெல்ட் போட்ட ஆல்டர்னேட்டர், ரயில் நின்றால் விளக்கை எரியவைக்க 110 வோல்ட் பேட்டரி என்றுதான் அமைப்பு. நம்முடையது சக்கரம் அழுக்கில் ஏறி இறங்கும் அந்த நொடியின் பகுதியைத் தாங்கிக்கொள்ளும். அதை எங்கே ஒளிப்பது? பெட்டிக் கோடியில், கழிப்பறைக்குள். அந்த ஜன்னலில் பனிக்கண்ணாடிதானே, உள்ளே இருப்பது தெரியாது.

படி 4. ஸ்ட்ரிப்பை வெட்டுக்கோட்டில் மட்டும் வெட்டி, கூரையின் உள்பக்கம் ஒட்டுங்கள். பிரீசெட்டை அதிகபட்ச ஓமில் வைத்துத் தொடங்கி, அறை விளக்கை அணைத்துவிட்டு மெதுவாகத் திருகுங்கள். கண் கூசும் வெளிச்சம் ரயிலுக்கு அழகில்லை.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த திருமங்கலம் நண்பர், ரயில் மெதுவாகப் போகும்போது விளக்கே வரவில்லை என்றார். அவருடையது சாதாரண டி.சி. கன்ட்ரோலர், வேகத்தைக் குறைக்க வோல்டேஜையே குறைக்கும் வகை. ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.இ.டி. தொடராக இருப்பதால் அதற்கே ஏறக்குறைய 8 வோல்ட் வேண்டும், ரெக்டிஃபையர் இன்னும் 1.4 வோல்ட் சாப்பிடும். என் கன்ட்ரோலர் முழு வோல்டேஜையே துடிப்பு துடிப்பாக அனுப்பும் வகை, அதனால் எனக்கு இது தெரியவே இல்லை. அவருக்கு ஸ்ட்ரிப்பை விட்டுவிட்டு, ஐந்து தனி எல்.இ.டி.களைப் பக்க இணைப்பில், ஒவ்வொன்றுக்கும் ஒரு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு போடச் சொன்னேன். இப்போது 5 வோல்ட்டுக்கே எரிகிறது. உங்களுடையதும் சாதாரண டி.சி. என்றால் முதலிலேயே இப்படிச் செய்துவிடுங்கள்.