கல்லணை முதல் தாராசுரம் வரை: பைக்கில் வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற புதன்கிழமை காலை கல்லணையில் நான்கு இளைஞர்கள் திருவையாற்றுக்கு வழி கேட்டார்கள். நல்ல வண்டிகள், கையுறை, முழங்கால் கவசம், எல்லாம் இருந்தன. சொல்லி அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து, திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டி, சாலையில் காய்ந்துகொண்டிருந்த நெல்லின் மேல் அந்த நால்வரும் வேகம் குறைக்காமல் போனதை என் கண்ணால் பார்த்தேன். யாரும் விழவில்லை. ஆனால் அன்று முழுவதும் எனக்கு மனம் சரியாக இல்லை.

திருச்சி திருவானைக்காவலில் தொடங்கி உத்தமர்சீலி, கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகத் தாராசுரம் வரை 11 ஆண்டுகளாகப் போய்வருகிறேன். பெரும்பாலும் வார நாட்களில்தான். ஹெல்மெட் போடுங்கள், டயரில் காற்றைப் பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் செய்த தவறுகளையும், புதிதாக வருகிறவர்கள் அப்படியே திரும்பச் செய்கிற தவறுகளையும் மட்டும் சொல்கிறேன்.

மாதம் பார்க்காமல் வருவது

மேட்டூர் அணையைப் பாசனத்துக்காக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். நீர்வரத்தைப் பொறுத்துத் திறக்கும் தேதி முன்னே பின்னே போகும். சித்திரை விடுமுறையில் வந்தால் காவிரி என்ற பெயரில் மணலைத்தான் பார்ப்பீர்கள். கல்லணையில் நின்று, ஒரே ஆறு காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிவதைப் பார்க்க வேண்டுமானால் தண்ணீர் ஓட வேண்டும். எனக்குப் பிடித்தது புரட்டாசி. ஆற்றில் தண்ணீர், ஒரு பக்கம் குறுவை அறுவடை, மறுபக்கம் சம்பா நடவு. ஆனால் அடுத்து நான் சொல்லப் போகும் ஆபத்தும் அதே மாதத்தில்தான் உச்சத்தில் இருக்கும்.

நெல்லின் மேல் வண்டியை விடுவது

முதலில் நெல் ஏன் சாலைக்கு வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள். அதைத் தளர்த்த அரசு உத்தரவு வர வேண்டும். குறுவை அறுவடை நேரத்தில் மழையும் வந்துவிடும். களம் நனைந்துவிட்டால் சீக்கிரம் காய்கிற இடம் தார்ச்சாலை ஒன்றுதான். சாலையின் பாதியில் நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கற்களை வரிசையாக வைத்து, மணிக்கொரு தரம் காலால் கிளறிவிட்டுக்கொண்டு ஒரு குடும்பமே வெயிலில் நிற்கும்.

இதெல்லாம் தெரியாமல் ஒரு புரட்டாசியில் நான் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தேன். வார நாள், சாலை காலி என்ற நினைப்பு. இடது பாதியில் நெல். வலது பாதிக்கு ஏறினேன். வளைவில் எதிரே பஸ். பதறி இடது பக்கம் ஒடித்து, நெல்லின் மேல் ஏறிய அதே நொடியில் முன் பிரேக்கைப் பிடித்தேன். நெல்மணிகள் டயருக்கு அடியில் உருளும். பிடிமானம் என்று எதுவும் இருக்காது. முன் சக்கரம் நழுவியது, வண்டி சாய்ந்தது, மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அது ஆறிவிட்டது. ஆறாதது வேறு. சாய்ந்த வண்டியின் டாங்கிலிருந்து பெட்ரோல் நெல்லில் ஒழுகியது. அந்த நிலத்துக்கார அம்மா ஓடிவந்து, "அடி பலமா தம்பி?" என்றுதான் கேட்டார். என்னைத் திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகே போய் நெல்லைப் பார்த்தார். நனைந்ததை முறத்தால் தனியே ஒதுக்கினார். ஏறக்குறைய ஒரு மூட்டை, 40 கிலோ. பெட்ரோல் வாடை அடிக்கும் நெல்லை யார் வாங்குவார்கள்? இரண்டு நாளாகக் காயவைத்தது என்று மட்டும் சொன்னார். பணம் கொடுத்தேன், நெடுநேரம் வாங்க மறுத்து, பிறகு மகன் சொன்னதால் வாங்கிக்கொண்டார்.

ஆகவே, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். சாலையோரக் கற்களும், குனிந்து நிற்கும் ஆட்களும் தூரத்திலேயே தெரிவார்கள். எதிரே வண்டி வந்தால் நெல்லுக்கு முன்பாகவே நின்று, அதைப் போகவிட்டு, மிச்சமிருக்கும் பாதியில் போங்கள். வேறு வழியே இல்லாமல் ஏற நேர்ந்தால் இரண்டாவது கியர், நேரான ஹேண்டில், முன் பிரேக்கில் கை வைக்கவே கூடாது. நெல் உங்கள் பாதையை மறிக்கிறது என்று ஹாரன் அடிக்காதீர்கள். அது எனக்கு இன்றைக்கும் கோபம் வரவழைக்கிறது. நாம் பொழுதுபோக்க வந்திருக்கிறோம், அவர்கள் நான்கு மாத உழைப்பைக் காயவைத்திருக்கிறார்கள்.

கோடை தொடங்கும்போது உளுந்துச் செடியைப் பரப்பியிருப்பார்கள். அதை வண்டிகள் ஏறி மிதிக்க வேண்டும் என்றுதான் போடுகிறார்கள். லாரிக்குச் சரி, பைக்குக்கு ஆகாது. காய்ந்த கொடி செயினிலும் பின்சக்கர அச்சிலும் சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்சரில் ஒட்டினால் புகையும். கடந்த பிறகு இறங்கி, பிய்த்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

குளிக்க இறங்குவது

ஊர்க்காரர் இறங்காத துறையில் இறங்காதீர்கள்.

பதினொரு மணிக்குக் கிளம்புவது

பெரும்பாலான கோயில்களில் பகல் 12 மணிக்கு நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். தாமதமாக வருகிறவர்கள் மூடிய கதவுகளைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். காலை 6 மணிக்குத் திருவானைக்காவலை விட்டால் திருவையாற்றில் ஐயாறப்பர் கோயிலை நிதானமாகப் பார்த்து, தியாகராஜர் சமாதிக்கு அருகே ஆற்றங்கரையில் சற்று உட்காரவும் நேரம் கிடைக்கும். நடுப்பகலைச் சுவாமிமலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வார நாளில் வருவதன் பலன் அங்கேதான். வெண்கலச் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகளில் வேலை நடந்துகொண்டிருக்கும். மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி அச்செடுப்பதை, அனுமதி கேட்டு நின்று பார்க்கலாம். காலையெல்லாம் எந்த ஆற்றின் கரையில் வந்தீர்களோ, அதன் மண்.

நான்கு மணிக்கு மேல் தாராசுரம். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில், 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சாய்ந்த வெயிலில் முன்மண்டபத்துக் கல்தேரின் சக்கரமும் குதிரையும் துலங்குவதைப் பார்க்க அதுவே சரியான நேரம்.

மேப் காட்டும் கரைப்பாதை

மழை பெய்திருந்தால் வேண்டாம். களிமண் மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரமே சுற்றாது.

வியாழக்கிழமையில் ஆலங்குடி

கும்பகோணத்தைத் தாண்டி ஆலங்குடிக்கும் சேர்த்துப் போகிறவர்கள் உண்டு. குரு தலம், அன்றைக்குக் கூட்டம் அதிகம். வேறு நாளில் போங்கள்.

இருட்டிய பிறகு வந்த வழியே திரும்புவது

பகலில் காய்ந்த நெல்லை மாலையில் சாலையோரத்திலேயே குவித்துத் தார்ப்பாயால் மூடிவிடுவார்கள். கறுப்புத் தார்ப்பாய், கறுப்புச் சாலை. காற்றில் பறக்காமலிருக்கச் சுற்றிலும் கற்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் குவியல் கண்ணுக்குப் படும்போது பத்தடிதான் மிச்சமிருக்கும். தாராசுரத்தில் 6 மணி ஆகிவிட்டால் ஆற்றோரத்தை மறந்துவிட்டுத் தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் திருச்சிக்குத் திரும்புங்கள்.