தலைப்பிரசவ பயம் குறைய ஒரு குறிப்பு

வளைகாப்பு முடிந்து தாய்வீடு வரும் பெண்ணிடம் ‘பயப்படாதே’ என்று சொல்லிக்கொண்டே இருப்பதைவிட, எட்டாம் மாதப் பரிசோதனைக்குச் செல்லும்போதே செவிலியரிடம் அனுமதி கேட்டு, பிரசவ அறை எங்கே இருக்கிறது, இரவில் எந்த வாசல் திறந்திருக்கும் என்பதையெல்லாம் காட்டிவிடுவது எவ்வளவோ மேல். பிரசவ நேரத்தில் உறவுப்பெண் ஒருவர் உடனிருக்க முடியுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்; அவர் யார் என்பதைக் கர்ப்பிணியே முடிவு செய்யட்டும். (ஊரில் நடந்த சிக்கலான பிரசவங்களை விவரிக்கும் அத்தைமார் இதற்குச் சரிப்பட மாட்டார்கள்.)

தலைப்பிரசவத்தில் வலி தொடங்கிப் பிள்ளை பிறக்க 12 மணி நேரத்துக்கு மேலாவதும் இயல்பே. பொய்வலி ஒழுங்கின்றி வந்து, சற்று நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். மெய்வலி நேரம் செல்லச் செல்ல நெருங்கி வரும். ஏறத்தாழ 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒரு மணி நேரம் தொடர்ந்தால், மருத்துவர் வேறு அறிவுரை கூறியிருந்தாலன்றி, அதுவே கிளம்பும் நேரம். பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

சுகப்பிரசவம் வேண்டி வாங்கிவந்த திருக்கருகாவூர்க் கோயில் எண்ணெயை வைக்கும் பையிலேயே பரிசோதனைச் சீட்டுகளையும் வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள் நெருங்கும் உள்கிராமத்துப் பெண்கள், கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ உள்ள உறவினர் வீட்டுக்கு முன்னதாகவே வந்து தங்குவது நல்லது.