பதவி இல்லாமல் ஒரு மாடியைத் திரட்டுவது எப்படி

நான் வசிப்போர் குழுவில் இல்லை. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் ஒன்பதாம் மாடியில் குடியிருக்கிறேன், என் தகுதி அவ்வளவுதான். ஆனாலும் தீ விபத்து என்றால் எங்கள் மாடியில் யார் யார் கதவைத் தட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

முதலில், கூட்டம் போடாதீர்கள். எப்போதும் வருகிற அதே நாலு பேர்தான் வருவார்கள். உங்கள் மாடியில் யார் பேச்சு ஏற்கெனவே எடுபடுகிறது என்று பாருங்கள். வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்? பார்சலை யார் வாங்கி வைக்கிறார்? எங்களுக்கு அது எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்). நான் அரை மணி நேரம் பேசியும் நடக்காதது அவர் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும்.

உதவி செய்யப் போவதற்கு முன்னால் உதவி கேளுங்கள். "ஊருக்குப் போகிறேன் அங்கிள், துளசிக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற முடியுமா?" என்று பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரிடம் கேட்டேன். அதற்கப்புறம் அவரும் கூச்சப்படாமல் என் கதவைத் தட்டுகிறார். தீபாவளி முறுக்கு கொடுப்பதும் நல்லதுதான், ஆனால் பல வீடுகளில் அது தட்டு மாற்றுவதோடு நின்றுவிடுகிறது.

சிக்கல் தாழ்வாரத்துச் சாமான்களில்தான். குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. நகர மன்றத்தில் புகார் செய்தால் சாமான் போகும், கூடவே பேச்சுவார்த்தையும் போய்விடும். ஒரு வீட்டு வாசலில் பெரிய செருப்பு அலமாரி இருந்தது. அந்த வீட்டு அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவர். "ராத்திரியில் ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தால் எப்படித் திருப்புவார்கள்?" என்று மக்சிக் கேட்டார். மகன் யோசித்தார். அந்த வாரக் கடைசியில் அலமாரியை நகர்த்த நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கேட்கிறவர் தூக்கவும் வேண்டும். ஆனால் வாசலில் புகை வருகிறதென்றால் நயமெல்லாம் வேண்டாம், தீயணைப்புக்கு 995தான்.

ஏஇடி, அதாவது நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் பாடம் எடுப்பார்கள். இதயம் நின்றபின் முதலுதவி இல்லாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலி, அப்படி விழுந்தவருக்கு உதவ 400 மீட்டருக்குள் இருப்பவர்களை அழைக்கும். கைப்பேசியில் ஏற்றித் தர ஓர் இளைஞர் போதும்.

வாட்ஸ்அப் குழுவுக்கு நீங்கள் அட்மினாக வேண்டாம். அதிகம் பேசாத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், பொறுப்பு வந்ததும் பேசுவார். காது கேளாதவர், படி இறங்க முடியாதவர் பட்டியல் மட்டும் குழுவில் போகக்கூடாது. சம்மதம் கேட்டுத் தாளில் எழுதுங்கள். எங்களுடையது மக்சிக்கிடம் இருக்கிறது.

அறை வாடகைக்கு இருக்கும் பையன்களைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மின்தூக்கியைப் பயன்படுத்த முடியாதபோது ஒன்பதாம் மாடியிலிருந்து படியில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்கும் தெம்பு அவர்களுக்குத்தான் உண்டு. ஒப்பந்தம் முடிந்து அடிக்கடி மாறுவார்கள். புதிதாக வந்தவரை அந்த வாரமே கோப்பிக்கடைக்குக் கூட்டிப் போங்கள்.