வவ்வால் பெட்டி மாட்டப் போகிறீர்களா? கறுப்பு பெயிண்ட் டப்பாவை முதலில் மூடுங்கள்

பங்குனியில் எங்கள் தெருக்கோடி வீட்டுத் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மொட்டை மாடி ஹெட்ரூம் சுவரில், மேற்குப் பக்கம், பளபளவென்று கறுப்பு அடித்த வவ்வால் பெட்டி, அதாவது பூச்சி தின்னும் சின்ன வவ்வால்கள் வந்து தங்கட்டும் என்று மாட்டும் மரப்பெட்டி. "சூடு நல்லா பிடிக்கும்ணா, வீடியோல அப்படித்தான் சொன்னாங்க." ஆறு வருஷம் முன்பு இதே தப்பை இதே பெருமையோடு செய்தவன் என்பதால் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தில் எனக்கு வந்த மூன்றாவது கறுப்புப் பெட்டி அது. ஆணி வளைவது, பலகையை அளவு தப்பி அறுப்பது எல்லாம் தானாகச் சரியாகிவிடும், அதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை.

கறுப்பு பெயிண்டும் மேற்குச் சுவரும்

வலையில் கிடைக்கும் பெட்டிக் குறிப்புகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுதியவை. அங்கே கோடையிலும் ராத்திரி குளிரும், குட்டி போட்ட தாய்க்குக் கதகதப்பு வேண்டும், அதனால் கருநிறம் பூசு, தெற்கே பார்த்து மாட்டு, ஆறு மணி நேரமாவது வெயில் படட்டும் என்பார்கள். அவர்கள் ஊருக்குச் சரி. (அங்கேயே வெயில் கொளுத்தும் இடங்களுக்கு வெளிர் நிறம்தான் சொல்கிறார்கள். அந்த வரியை மட்டும் யாரும் படிப்பதில்லை.) நம்ம நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. கத்திரியில் மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலோடு நாலு அடி வைத்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தெற்கு என்ற கணக்கும் இங்கே எடுபடாது. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சந்தலைக்கு வந்துவிடும், அதிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகலில் கொஞ்சம் வடக்கே தள்ளித்தான் நிற்கும். எனவே மே மாதத்தில் நேரடி அடி வாங்குவது பெட்டியின் மூடி. அதைவிட மோசம் மேற்குச் சுவர், ராத்திரி ஒன்பது மணிக்குக் கை வைத்தாலும் சுடும்.

என் பெட்டியில் முதல் ஒன்றரை வருஷம் ஈ காக்கை இல்லை. அப்புறம் ஒரு கார்த்திகை மழை முடிந்த காலையில் கீழே தரையில் கருகின சீரகம் மாதிரி எச்சம். தாளில் எடுத்துக் குச்சியால் அழுத்தினேன், பொலபொலவென்று உதிர்ந்து பூச்சி இறக்கைத் துணுக்குகள் மினுங்கின. எலிப் புழுக்கை அப்படி உதிராது. பொங்கல் சமயத்தில் அந்தியில் உட்கார்ந்து எண்ணினேன், ஒன்பது. ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய்க் காசு எடைகூட இருக்காது. மே இரண்டாம் வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் பெட்டிக்குக் கீழே நான்கு காய்ந்து கிடந்தன, ஒன்றை ஒட்டி ரோமம் முளைக்காத ஒரு குட்டி. மறுநாள் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தேன். மூன்று மணிக்கு 48. நாற்பதைத் தாண்டினாலே அதுகளுக்குத் தவிப்புதான். மிச்சம் ஐந்தும் திரும்பவே இல்லை. மரமும் ஆசாரி கூலியுமாக நாலாயிரம் போனதைப் பற்றி வீட்டில் ஒரு வாரம் பேசினார்கள். குட்டியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது கிழக்குச் சுவர். காலை வெயில் கொஞ்சம் படும், மதியத்துக்கு மேல் நிழல், கடற்காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். மாடிக்கு அடித்து மிச்சமான வெள்ளை கூலிங் பெயிண்டை வெளிப்பக்கம் மட்டும் இரண்டு கோட், உள்ளே எதுவும் கிடையாது. மூடிக்கு மேல் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு இன்னொரு பலகை, வெயிலை அது வாங்கிக்கொள்ளும். பக்கப் பலகையில் கீழ்ப்பாதியில் அரை அங்குலக் காற்றுவாய். ஒரே அறைக்குப் பதில் முக்கால் அங்குல இடைவெளியில் இரண்டு மூன்று அறை இருந்தால் சூடான அறையை விட்டு அடுத்ததற்கு நகர்ந்துகொள்ளும். அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். தரையிலிருந்து 12 அடிக்குக் குறைய வேண்டாம். ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு மேலே மாட்டிய புண்ணியவான் ஒருவரையும் எனக்குத் தெரியும்.

இருக்கிற வீட்டை அடைத்துவிட்டுப் புது வீடு கட்டுவது

இதுவும் எரிச்சல்தான். பூச்சி தின்னும் சின்ன வவ்வால்கள் சென்னையில் ஏற்கெனவே நம்மோடுதான் குடியிருக்கின்றன: அடுக்குமாடிச் சுவர்களுக்கு நடுவே விடும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், கடை போர்டின் பின்பக்கம், பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டின் உத்தர இடுக்கு, பனைமரத்தில் தொங்கும் காய்ந்த ஓலை. கட்டை விரல் நுழையும் சந்து போதும். மடிப்பாக்கத்தில் ஒரு குடியிருப்பில் பெட்டி மாட்ட என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அதே வாரம்தான் பெயிண்டிங் வேலையில் ஜாயின்ட் முழுக்க ஃபோம் அடித்து மூடியிருந்தார்கள். உள்ளே என்ன இருந்தது என்று மேஸ்திரி பார்க்கவில்லை, கேட்டதற்கு "கீச்சு கீச்சுன்னு சத்தம் வந்துது சார்" என்றார். அங்கே நான் பெட்டி மாட்டவில்லை.

பனை ஓலையைச் "சுத்தமாக" கழிப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

டெங்கு போய்விடும் என்று நம்புவது

போகாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது, அந்த நேரத்தில் வவ்வால் தலைகீழாகத் தூங்குகிறது. ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரை நீங்கள்தான் கொட்ட வேண்டும். சாக்கடையில் பிறந்து ராத்திரியில் கடிக்கும் க்யூலெக்ஸ் கொசுவை வவ்வால் தின்னும், ஆனால் அந்துப்பூச்சி, வண்டு, மழைக்கப்புறம் கிளம்பும் ஈசல் கிடைத்தால் அதைத்தான் முதலில் பிடிக்கும். கொசுவைவிடக் கொழுத்த சாப்பாடு. மணிக்கு ஆயிரம் கொசு என்று பரவும் கணக்குக்கு மூலம், பூட்டிய அறைக்குள் பூச்சிகளைப் பறக்கவிட்டுச் செய்த ஆய்வு, 1960இல் வெளியானது. அங்கே சில நிமிஷம் பிடித்ததை மணிக்கணக்காகப் பெருக்கிவிட்டார்கள். என் தோட்டத்தில் தெரிந்த வித்தியாசம் கத்தரிச் செடியில்தான், அதையும் நான் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்.

எச்சத்தைப் பூசி வரவழைப்பது

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் ஒரு தீவில் 1929இல் கொசுவை ஒழிக்கிறேன் என்று ஒருவர் மரக்கோபுரமே கட்டினார், வவ்வாலுக்கு வாசனைத் தூண்டில்கூட வைத்ததாகச் சொல்வார்கள். ஒன்றும் குடியேறவில்லை. 2017இல் இர்மா புயலில் கோபுரமும் விழுந்துவிட்டது.

கொய்யாவும் வாழைப்பழமும் வைப்பது

பழத்துக்கு வருவது பழந்தின்னி. அது வேறு ஆள், நெட்டிலிங்க மரத்திலோ ஆலமரத்திலோ தங்கும், பெட்டிப் பக்கம் எட்டிப் பார்க்காது, பூச்சியும் பிடிக்காது. உங்கள் வெள்ளைச் சுவர்தான் பாழாகும். வவ்வால் கடித்த பழம் இனிக்கும் என்று சின்ன வயதில் தின்றோம், இப்போது வேண்டாம், பழந்தின்னி வழியாகப் பரவும் நிபா வைரஸ் இருக்கிறது.

வார்னிஷ், இழைத்த பலகை, உள்ளே கொசுவலை

மூன்றும் வேண்டாம். வலையில் நகம் சிக்கிச் சாகும். பழைய மரக்கடைப் பலகையில் ரம்பத்தால் அரை அங்குலத்துக்கு ஒரு கோடு கீறினால் பிடிமானம் வந்துவிடும்.

மரத்தில் மாட்டுவது

பூனை.

பெட்டிக்கு நேரே ஃபோகஸ் லைட்

அணையுங்கள்.

விழுந்ததைக் கையால் எடுப்பது

கூடாது. கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.

தெருக்கோடித் தம்பி சித்திரை பிறப்பதற்குள் பெட்டியைக் கழற்றி வெள்ளை அடித்துக் கிழக்கே மாற்றிவிட்டார். போன ஞாயிறு டார்ச் அடித்துப் பார்த்தாராம்: ஒரு பல்லி, ஒரு குளவிக்கூடு. குளவி பறந்து போயிருந்தால் கூட்டைச் சுரண்டிவிடச் சொன்னேன். பல்லி இருந்துவிட்டுப் போகட்டும்.