பழைய சுவையைத் தேடி டின் இறைச்சி சுடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலிவான டின் இறைச்சியின் மீது பலருக்கு இன்றும் ஒரு பற்று இருக்கிறது. கையில் காசு குறைவாக இருந்த காலத்தில், குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறையிலோ கூடாரம் அடித்துத் தங்கிய இடத்திலோ, அவசரமாக மூட்டிய தணலில் வாட்டித் தின்ற அந்த உப்புத் துண்டு வயிற்றை நிரப்பியதோடு நினைவிலும் தங்கிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அதே டப்பாவை வாங்கிச் சுட்டுப் பார்ப்பவர்கள், பழைய ருசி இல்லையே என்று தயாரிப்பாளரைக் குறை கூறுவது வழக்கம். அந்தக் குறையில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும் என்றாலும், ஏமாற்றத்தின் பெரும்பகுதி அடுப்பருகே நாமே செய்யும் தவறுகளால் வருகிறது.

அவற்றுள் முதன்மையானது, டின் இறைச்சியைப் பச்சை இறைச்சியைப்போல் நடத்துவது. 1937இல் அமெரிக்காவின் ஹார்மெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஸ்பாம் என்னும் பன்றி இறைச்சி டின் ஆகட்டும், அதைப் போல அரைத்த இறைச்சியைக் கட்டியாக அடைத்த பிற லஞ்சன் மீட் வகைகளாகட்டும், இறைச்சிக் கலவையை டப்பாவில் அடைத்து மூடிய பிறகு டப்பாவோடு சேர்த்தே வேகவைக்கப்படுகின்றன. ஆகவே உள்ளே வேக வேண்டியது எதுவும் மிச்சமில்லை. நாம் செய்ய வேண்டியதெல்லாம் மேற்புறத்தைப் பொன்னிறமாக முறுகச் செய்து, உட்புறத்தைச் சூடாக்குவது மட்டுமே. இதை மறந்து நெடுநேரம் தணலில் போட்டு வைப்பவர்களுக்குக் கிடைப்பது கொழுப்பெல்லாம் உருகி ஓடிய பின் எஞ்சும் வறண்ட சக்கை. மிதமான தணலில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் போதுமானவை.

துண்டின் கனத்திலும் கவனம் வேண்டும். மிக மெல்லியதாக அரிந்தால் துண்டு வளைந்து, தணலின்மேல் வைத்த கம்பி வலையின் கம்பிகளுக்கிடையே உடைந்து விழும். மிகத் தடிப்பாக அரிந்தால் முறுகலான மேற்பரப்பு குறைந்து, வாய்க்கு மசியலே மிகுதியாகக் கிடைக்கும். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனம் பொருத்தமானது. டப்பாவிலிருந்து எடுத்த துண்டின்மேல் படிந்திருக்கும் கூழ்மத்தையும் ஈரத்தையும் துடைக்காமல் கம்பியில் வைப்பது இன்னொரு தவறு, ஏனெனில் அந்த ஈரம் வற்றும்வரை துண்டு ஆவியில் வேகுமே தவிர முறுகாது. வைத்த உடனேயே புரட்டுபவர்களும் உண்டு; முறுகல் பிடிக்காத பக்கம் கம்பியோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால், துண்டுகளைத் தணல் குறைவான பக்கத்துக்கு நகர்த்த வேண்டும். கருகலையே சுவை என்று எண்ணி அப்படியே விட்டுவிடுவது சரியன்று: புகையும் கருகலும் உடலுக்கு ஆகாத சேர்மங்களைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

உப்பில் பதப்படுத்திய மாட்டிறைச்சியான கார்ன்ட் பீஃப் வேறு இனம். அது வரும் சரிவகமான டப்பாவின் வடிவம் 1870களில் சிக்காகோவில் உருவானது. ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருப்பதால், அகன்ற பக்கத்தைத் திறந்தால் இறைச்சி முழுக்கட்டியாக வழுக்கி வெளியே வந்துவிடும். ஆனால் அந்தக் கட்டியைச் சேர்த்துப் பிடித்திருப்பவை கொழுப்பும் ஜெலட்டினும்தாம். இரண்டுமே சூட்டில் இளகிவிடுபவை என்பதால், அதை நேரடியாகக் கம்பியில் வைத்தால் சில நிமிடங்களில் நார் நாராக உதிர்ந்து தணலுக்குள் போய்விடும். டப்பாவை முதலில் நன்றாகக் குளிரவைத்து, தடித்த துண்டுகளாக அரிந்து, தணலின்மேல் வைத்த இரும்புத் தட்டில் சுடுவதே முறை. தோலில்லாத சிறிய வியன்னா சாசேஜுக்கும் இரும்புத் தட்டே பொருந்தும். என்னைக் கேட்டால், கார்ன்ட் பீஃபைக் கம்பியில் சுடும் முயற்சியையே கைவிடுவது நல்லது.

உப்பைப் பற்றி அதிகம் பேசியாக வேண்டும். ஸ்பாமின் சாதாரண வகையில், 56 கிராம் அளவுள்ள ஒரு பரிமாறலில் ஏறத்தாழ 790 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் உட்கொள்ளும் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்த நிலையில் துண்டுகளின்மேல் மசாலா உப்பும் சோயா சாஸும் தடவுகிறவர்கள், தாம் தேடி வந்த சுவையையே மூடிவிடுகிறார்கள். இனிப்பான சாஸை முதலிலேயே பூசினால் அதிலுள்ள சர்க்கரை இறைச்சி முறுகுவதற்கு முன்பே கருகும் என்பதால், கடைசி ஒரு நிமிடத்தில் பூசுவதே தக்கது. அன்னாசித் துண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பில்லாத சோறு அல்லது ரொட்டி ஆகியவை இந்த உப்புக்கு நல்ல துணை. 2015இல் பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பனவற்றுள் ஒன்றாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது வாரந்தோறும் உண்ணத்தக்க உணவன்று என்பது விளங்கும்.

மூடிய டப்பாவை அப்படியே தணலில் வைப்பது ஆபத்தானது. உள்ளே அழுத்தம் ஏறி அது வெடிக்கக்கூடும். திறந்த டப்பாவாக இருந்தாலும், பலவற்றின் உட்புறத்தில் பூசப்பட்டுள்ள பூச்சு நேரடி நெருப்புக்கு உரியதன்று.

வாங்கும்போதும் சேமிக்கும்போதும் நேரும் தவறுகளும் உண்டு. டின் என்றாலே கெடாது என்று நம்பி, உப்பிப் புடைத்த டப்பாவையோ, மடிப்பில் நசுங்கியதையோ, கசிவதையோ திறந்து சுவைத்துப் பார்க்கக் கூடாது. பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோய்க்குக் காரணமான கிருமி காற்றில்லா இடத்திலேயே வளரும். நச்சு இருப்பதை மணமோ சுவையோ காட்டிக்கொடுக்கும் என்று சொல்ல முடியாது. டின்னில் வரும் பன்றித் தொடை வகைகளில் சில, குறைந்த வெப்பத்தில் மட்டும் பதப்படுத்தப்பட்டவை. அவற்றின் மேலுறையில் குளிரில் வைக்கவும் என்று அச்சிட்டிருந்தால், அலமாரியில் வைக்கவே கூடாது. சுட்ட பின் மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். பாதி காலியான டப்பாவில் எஞ்சியிருக்கும் இறைச்சியையும் மூடியுள்ள வேறு பாத்திரத்துக்கு மாற்றியே வைக்க வேண்டும்.